பதினொரு இடங்களில் மட்டும்

நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் நான் இருக்கும் அபார்ட்மெண்டின் கிளப்ஹவுஸில், கையில் காகிதத் தட்டோடு வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை மதியம். சித்திரைப் பிறப்புக்கு ஆளுக்கொரு அலுமினிய ட்ரே கொண்டுவந்திருந்தோம். என் பங்கு எலுமிச்சைச் சாதம். மூன்றாவது பில்டிங் ஆன்ட்டி ஒரு கையில் மாஸ்கிங் டேப்பும் மறு கையில் கறுப்பு மார்க்கருமாக மேசை நெடுக நடந்து, ட்ரேக்களின் விளிம்பில் டேப்பைக் கிழித்து ஒட்டி, அதில் ‘ஸ்பைசி’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போனார். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அதனால்தான் ஆங்கிலம்.

எனக்கு முன்னால் நின்ற சின்னப் பெண் கத்தரிக்காய்க் காரக்குழம்பை நோக்கிக் கரண்டியை நீட்டினாள். டேப்பைப் பார்த்தாள். கரண்டி அப்படியே தயிர்சாதத்துக்குத் திரும்பிவிட்டது.

டேப் அந்தக் குழம்பை ஒன்றும் செய்யவில்லை. அதன் காரம் ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கை மட்டும் திசை மாறியது.

“நாம எழுதற புரோகிராம் கோடுக்கும் இதைப் பண்ணலாமே!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“என்னம்மா?” என்றார் ஆன்ட்டி.

“ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. ஒரு நிமிஷம் தள்ளிக்கோங்க, போட்டோ எடுத்துக்கறேன்.”

“எல்லாரும் சாப்பாட்டைப் போட்டோ எடுப்பாங்க. இவ டேப்பை எடுக்கறா பாரு,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். நான் எலுமிச்சைச் சாதத்துக்குப் பக்கத்திலேயே நின்று, எண்ணெய்ப் பிசுக்கு விரலால் போனில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசை தேங்கிவிட்டது.

இந்த அவசரத்துக்குக் காரணம், மூன்று நாள் முன்பு என்னால் நடந்த ஒரு காரியம்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் மருந்துக் கடைகளுக்கான மென்பொருள் செய்கிறோம். கடைக்காரர் ஒரு பிரிஸ்கிரிப்ஷனை ஸ்கேன் பண்ணியதும், அந்த நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு இந்தப் புது மருந்து ஒத்துப்போகுமா என்று திரையில் வர வேண்டும். வெளியே பார்த்தால் ஒரு கேள்வி, ஒரு பதில். உள்ளே ஒவ்வொரு மருந்தின் ஒவ்வொரு உட்பொருளையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டாக வேண்டும். ஒப்பிடுகிற அந்த ஃபங்ஷன், அதாவது கோடின் அந்தச் சின்னத் துண்டு, ஒரே ஒரு ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கான தடவை ஓடும். பார்ப்பதற்கு ஆறு வரிதான், பரம சாது. நான் எனக்கிருந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, அதற்குள் ஏழாவதாக ஒரு வரி சேர்த்தேன். ‘இதை அதோடு ஒப்பிட்டேன்’ என்று ஒவ்வொரு தடவையும் லாக் கோப்பில் எழுதிவைக்கும் வரி. மூன்று மருந்து சாப்பிடும் கற்பனை நோயாளியை வைத்துச் சோதித்தேன். பறந்தது.

கடைகளுக்கு வந்தவர்களோ பதினைந்து மருந்து சாப்பிடுகிறவர்கள். புதன்கிழமை காலை கவுன்டர்களில் திரை சுற்றிக்கொண்டே நின்றது, ஆட்களும் நின்றார்கள்.

காரணத்தை இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தவர் டெக்சஸில், ரவுண்ட் ராக் கிளையில் இருக்கும் அக்கா. தூத்துக்குடிக்காரர். அந்தப் பகுதியை ஆறு வருடமாகப் பார்த்துவருபவர். என் வரியை எடுத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, அந்த ஃபங்ஷன்ல கை வைக்கப்பிடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியாது க்கா. எங்க எழுதியிருக்கு?”

அந்தப் பக்கம் எதையோ தேடித் தட்டும் சத்தம் கேட்டது.

“எங்கயும் எழுதல. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்,” என்றார். பிறகு, குரல் இறங்கி, “ஜூலைல எனக்கு டெலிவரி. மூத்தவ பொறந்த மூணாம் நாள் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு பாத்துக்கோ. ஒரு கையில பிள்ள, ஒத்த கையால டைப் அடிச்சேன். நர்ஸ் வந்து லேப்டாப்ப மூடிட்டுப் போயிட்டா. இந்தத் தடவ பன்னெண்டு வாரம் லீவு. ஒரு போன் வரப்பிடாது. ஒண்ணே ஒண்ணு கூட.”

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அவர் கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோலச் சொன்னார். சனிக்கிழமை வரை அது எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த டேப்.

கோடில் ஒரு ஃபங்ஷனுக்கு மேல், @ போட்டு ஒரு சொல் எழுதலாம். அனோட்டேஷன் என்போம். ஃபங்ஷன் செய்கிற வேலையை அது மாற்றாது. இது இப்படிப்பட்டது என்று சொல்ல மட்டும் செய்யும். அதிகம் ஓடுகிற இடத்தைச் சூடான இடம் என்பது எங்கள் வழக்கம். ஆகவே நான் வைத்த சொல்லும் ‘சூடு’தான், ஆங்கிலத்தில். தமிழில் வைத்திருப்பேன், மேனேஜர் பயந்துவிடுவார்.

திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில், ஆன்ட்டியின் டேப் படத்தை முதல் ஸ்லைடாகப் போட்டு விளக்கினேன். மேனேஜர் அமெரிக்கர், நிதானமானவர். செய்து பார் என்றார். குழம்பைக் காட்டி அது என்ன என்று கேட்டார். ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் போனார். மிச்சம் இருந்தது டெக்சஸ் அக்கா, நான், என் பக்கத்து மேசைக் கோயம்புத்தூர்க்காரர், மூன்று பேரும் தமிழ்.

“ஏனுங்க மேடம், இனிமே நம்ம கோடுக்கு டேப் ஒட்டற வேலையா?” என்றார் அவர்.

அக்கா விடவில்லை. “காமென்ட் எழுதுனாலே ஒருத்தரும் வாசிக்கது கெடையாது. இத மட்டும் வாசிப்பாகளாக்கும்?”

“காமென்ட் மனுஷங்களுக்கு மட்டும்தான் க்கா. இதை மெஷினும் படிக்கும். யாராவது அந்த இடத்தைத் தொட்டா ரிவ்யூல மஞ்சப் பட்டை வரவைக்கலாம். இன்னொருத்தர் ‘பார்த்தேன்’னு அழுத்தினாத்தான் மேல போகும். நீங்க இல்லாதப்ப உங்களுக்குப் பதிலா அது நிக்கும்.”

“சரி. செஞ்சு பாரு.” பிறகு, “அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டு. ஓரத்துல இருக்கது சக்கரப் பொங்கலா?”

“ஆமா க்கா.”

“அதுல எதுக்குட்டி ஸ்பைசின்னு ஒட்டியிருக்கு?”

பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி விலகிய மூடிக்குக் கீழே முந்திரி தெரிந்தது. விளிம்பில் கொட்டை எழுத்தில் ஸ்பைசி.

“முந்திரி காரமா இருந்திருக்குமுங்க,” என்றார் கோயம்புத்தூர்க்காரர். மூன்று பேரும் சிரித்தோம். நான் ஸ்லைடை மூடிவிட்டேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கு எப்போதும் அடுத்த வேலைக்கு ஓட வேண்டும்.

இரண்டு நாளில் நூற்று நாற்பது ஃபங்ஷன்களுக்குக் குறி போட்டேன். அந்த ஆறு வரிக்குப் போட்டேன். அதைக் கூப்பிடும் ஃபங்ஷனுக்கும், அதையும் கூப்பிடும் ஃபங்ஷனுக்கும், பெயரில் வேகம் என்ற சொல் இருந்தவற்றுக்கும், அக்கா எப்போதோ ஒருமுறை திருத்தியவற்றுக்கும் போட்டேன். எதுக்கு வம்பு என்றுதான். விட்டுப்போனால்தானே ஆபத்து, கூடுதலாக இருந்தால் என்ன?

முதல் வாரம் மஞ்சள் பட்டை வந்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் வாரம் “இதுலயும் மஞ்சளா?” என்றார்கள். மே மாதக் கடைசியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அழுத்திவிட்டுப் போனார்கள். நானும்தான். எடிசனில் ஓக் ட்ரீ ரோடு ஓட்டல் ஒன்றில், தோசைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, போனிலேயே, ஒரு மாற்றத்தைச் சரிபார்க்கச் சொல்லி ரிவ்யூ வந்தது. கோயம்புத்தூர்க்காரருடையது. மஞ்சள் பட்டை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ‘பார்த்தேன்’ என்று அழுத்திவிட்டுப் போய்த் தோசையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு காலை, கடைகளில் திரை மறுபடி சுற்றியது. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒரு புதுப் பட்டியலை உருவாக்கி, உடனே தூக்கிப் போடுகிற மாற்றம், கோயம்புத்தூர்க்காரருடையது. மேனேஜர் கூப்பிட்டது என்னையல்ல, அக்காவை. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“பூசை நடுவுல வெளிய வந்து நிக்கேன். கார்ல உக்காந்திருக்கேன். லேப்டாப்ப மடில வைக்கலாம்னு பாத்தா, எனக்கு இப்ப மடியே இல்ல.” எட்டாவது மாதம் அவருக்கு. “சீட்டுல வச்சு, திரும்பி உக்காந்து அடிச்சேன். பழைய வெர்ஷன ஏத்தியாச்சு. இப்ப சொல்லு. அந்த ஃபங்ஷன்ல ஒன் குறி இருந்துச்சா?”

“இருந்துச்சு க்கா.”

“யாரு பாத்தா?”

“நான்தான்.”

“பாத்தியா, அமுக்குனியா?”

“அமுக்கினேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். பின்னால் தமிழ்ப் பாட்டு தூரமாகக் கேட்டது. மாதம் ஒரு தடவைதான் அந்தச் சர்ச்சில் தமிழில் பூசை. “சரி, நான் உள்ள போறேன்,” என்று வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

அந்த வாரம் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மூன்றாவது பில்டிங் ஆன்ட்டியைப் பார்த்தேன். மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

“ஆன்ட்டி, அன்னிக்கு சக்கரைப் பொங்கல்ல ஏன் ஸ்பைசின்னு ஒட்டினீங்க?”

“அதுவா? மூடியைத் திறந்து திறந்து பாக்க எங்கம்மா நேரம்? எதுக்கு வம்புன்னு கண்ணுல பட்டதுல எல்லாம் ஒட்டிட்டேன். ஏன், யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?”

“இல்ல ஆன்ட்டி. பசங்க யாராவது பொங்கல் சாப்பிட்டாங்களா?”

“எங்க? அப்படியே மிஞ்சிப்போச்சு. அங்கிள் நாலு நாள் சாப்பிட்டார். சுகர் வேற அவருக்கு.”

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து நூற்று நாற்பது குறிகளையும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றின் மூடியைக்கூட நான் திறந்து பார்த்திருக்கவில்லை. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: ‘அளந்து பார்த்து மறுபடி போடலாமா? நீங்க இருக்கிற வரைக்கும் தினம் ஒரு மணி நேரம்.’ பதில் வந்தது: ‘லஞ்ச் டைம்ல வா. சாப்பிட்டுக்கிட்டே பாப்போம். எனக்கு இப்ப எப்பவும் பசி.’

அவருக்கு லஞ்ச் என்றால் எனக்கு அதற்கு ஒரு மணி நேரம் கூட. நான் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருப்பேன். அவர் திரையைப் பகிர்ந்துகொண்டு புளிசாதம் சாப்பிடுவார். புரொஃபைலர் என்று ஒரு கருவி உண்டு. மென்பொருளை நிஜமான சுமையோடு ஓடவிட்டு, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அளந்து சொல்லும். இருபது மருந்து சாப்பிடும் கற்பனை நோயாளிகளை உருவாக்கி ஓடவிட்டோம். பெயரில் வேகம் என்று இருந்தவை பெரும்பாலும் சும்மா இருந்தன. பெயரில் ஒன்றுமே இல்லாத, தேதியைச் சரிபார்க்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் நேரத்தை மென்றுகொண்டிருந்தது. ஒன்றொன்றாகக் குறிகளை எடுத்தோம். நான் போட்ட வேகத்தைவிட எடுக்கும் வேகம் குறைவுதான், ஏனென்றால் ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே எடுத்தோம்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அக்கா தானே எழுதி, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த ஒரு பெரிய ஃபங்ஷனுக்கு வந்தோம். எண்ணைப் பார்த்தேன். ஏதோ தப்பு என்று மறுபடி ஓடவிட்டேன். அதே எண். அது கிட்டத்தட்ட ஓடவே இல்லை. பழைய மாற்றங்களைத் தேடியபோது, எப்போதோ ஒருவர் அதற்கு முன்னாலேயே ஒரு குறுக்குவழி போட்டிருந்தது தெரிந்தது. வருகிற கேள்விகளில் பெரும்பகுதி அங்கேயே பதில் வாங்கித் திரும்பிவிடுகிறது.

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“அப்ப இம்புட்டு நாளா ஆளில்லாத வீட்டுக்கு நான் காவல் இருந்திருக்கேன்.”

“விடுங்க க்கா, இதுல மட்டும் குறி இருந்துட்டுப் போகட்டும்.”

“எதுக்கு? வம்பு வேண்டாம்னா?” என்று சிரித்தார். ஆன்ட்டி கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். “எடுத்துருட்டி.”

எடுத்தேன். கடைசியில் நின்றவை பதினொன்று.

இந்தத் தடவை வெறும் ‘சூடு’ போதாது என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. சூடு என்றால் என்ன செய்யக் கூடாது? குறிக்குள்ளேயே காரணத்தையும் எழுதினோம். இந்த ஃபங்ஷன் லாக் எழுதுவதைத் தாங்காது. இது புதிதாக எதையும் உருவாக்குவதைத் தாங்காது. இது இன்னொன்றுக்காகக் காத்திருப்பதைத் தாங்காது. எதை அளந்து இதைச் சொல்கிறோம் என்பதும் கூடவே. வாசகங்களை அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். “‘தயவுசெய்து’ எல்லாம் போடாதே. போட்டா பேசிப் பாக்கலாம்னு நெனைப்பான்,” என்றார்.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலை என்னைத் திறக்கச் சொல்லி, அவருடைய எண்ணை என் கையாலேயே நீக்கச் சொன்னார். நீக்கினேன். “இன்னொரு தடவ ரெஃப்ரெஷ் பண்ணிக் காட்டு,” என்றார். காட்டினேன்.

பிள்ளை பிறந்தது. ஆண். படம் வந்தது. மூன்றாம் நாள் போன் எதுவும் போகவில்லை; நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கோயம்புத்தூர்க்காரர் நாற்காலியைத் திருப்பினார். “ஏனுங்க, இதுல ‘புதுசா எதையும் உருவாக்காதே’ன்னு போட்டிருக்குது. நான் ஒரு லிஸ்ட் உருவாக்கோணுமே. என்னங்க பண்றது?” இருவரும் உட்கார்ந்து, பட்டியலை ஒரே ஒரு தடவை வெளியே உருவாக்கி உள்ளே கொடுக்கும்படி மாற்றினோம். அரை மணி நேர வேலை. மஞ்சள் பட்டை அந்த வாரத்தில் அது ஒன்றுதான். எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன், அத்தனை சந்தோஷம்.

ஆனால் போன வாரம் திரை மறுபடி சுற்றியது.

பழைய வெர்ஷனைப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிட்டோம். கடைகளில் பெரிய பாதிப்பில்லை. காரணம்தான் தெரியவில்லை. பதினொரு இடங்களில் ஒன்றையும் யாரும் தொடவில்லை. மேனேஜர் சாட்டில், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று எழுதினார்.

“ஒரே ஒரு மெசேஜ் போட்டுப் பாக்கலாமுங்க,” என்றார் கோயம்புத்தூர்க்காரர். “இருவது நிமிசத்துல சொல்லிப்போடுவாங்க.”

“சொல்லிடுவாங்க. அதனாலதான் போடக் கூடாது.”

“போன் கூட இல்லீங்க, மெசேஜ்தான்.”

“மெசேஜ் போட்டா அவங்க போன் பண்ணுவாங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியாதா?”

அவர் யோசித்துவிட்டு நாற்காலியை என் மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். நான்கு மணி நேரம் ஆனது. மருந்துப் பெயரில் தேவையில்லாத இடைவெளிகளை நீக்கும் ஒரு ஃபங்ஷன், வேறொரு கோப்பில் இருக்கிறது. அதில் யாரோ ஒரு லாக் வரி சேர்த்திருந்தார்கள். என் ஏப்ரல் மாத வரியின் தம்பி. குறி போட்ட ஃபங்ஷன் அதைத்தான் உள்ளிருந்து கூப்பிடுகிறது. மேலே குறி இருக்கிறது. அது கூப்பிடுவதன் மேல் இல்லை.

உடனே அதற்கும் ஒரு குறி போடக் கை போனது. @ அடித்தும் விட்டேன். அப்புறம், அது எதைக் கூப்பிடுகிறது என்று பார்த்தேன். அதற்குக் கீழே நான்கு. அவற்றுக்குக் கீழே எத்தனையோ. அப்படியே இறங்கினால் வார இறுதிக்குள் நூற்று நாற்பதைத் தாண்டியிருப்பேன். அடித்த @-ஐ அழித்தேன்.

அன்று மாலை அக்காவிடமிருந்து மெசேஜ்: ‘எல்லாம் ஓகேவா? ஒருத்தரும் கூப்பிடலியே, பயமா இருக்கு.’ நான் எழுதியது: ‘ஓகே க்கா. தூங்குங்க.’ அவர் ஒரு கொட்டாவி விடும் குழந்தையின் படத்தை அனுப்பினார்.

அவர் திரும்பி வர இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. குறிகள் பதினொன்றாகவே இருக்கட்டும். கீழே இறங்கிப் பார்க்கும் வேலையை மெஷினிடம் கொடுக்கப் போகிறேன். குறி உள்ள ஒவ்வொரு ஃபங்ஷனிலிருந்தும் தொடங்கி, அது கூப்பிடுவது, அப்படிக் கூப்பிடப்பட்டது தன் பங்குக்குக் கூப்பிடுவது என்று தானே இறங்கி, ‘தாங்காது’ என்று குறி சொன்ன எதுவும் எங்காவது இருந்தால், ரிலீஸுக்கு முன்பே பில்டை, அதாவது மென்பொருளைத் தொகுக்கும் வேலையை, நிறுத்தும் ஒரு சின்னக் கருவி. அழுத்திவிட்டுப் போக அதற்கு விரல் கிடையாது. ஒரே நேரத்தில் எல்லாம் வேண்டாம் என்று என்னை நானே பிடித்து வைத்திருக்கிறேன். முதலில் ஒரு ஃபங்ஷன், அந்த ஆறு வரி. ஒரு விதி, லாக் எழுதாதே. மேனேஜர் திங்கட்கிழமையிலிருந்து இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்.

சோதனைக்கு வரி தேட வேண்டியதில்லை. ஏப்ரலில் எழுதிய ஏழாவது வரியை அழிக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதை மறுபடி உள்ளே வைத்து பில்டை ஓடவிடுவேன். கருவி அதைப் பிடித்து, பில்ட் சிவப்பாக வந்து நின்றால், அடுத்தது அந்த இடைவெளி நீக்கும் ஃபங்ஷன். பிடிக்காமல் விட்டு, பச்சையாக வந்தால், மறுபடி முதலிலிருந்து.